கள்ளக்கடலும் கோவில் மணியும்



காற்று இல்லை, மேகம் இல்லை, வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாளிலும் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறுவது உண்டு. கேரளத்து மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். கள்வனைப்போல் சொல்லாமல் வருவதால் இப்பெயர். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும் இச்சொல்லை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. பாமரர் வாயில் பிறந்த சொல் உலக அறிஞர் ஏட்டில் ஏறியது நமக்குப் பெருமையே.

ஆயினும், பெருமையோடு முடியும் செய்தி அன்று இது. 2024 மே 6ஆம் நாள், நம் மாவட்டத்தில் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை இழுத்துச் சென்றது, ஐவரும் மாண்டனர். அந்நாட்களில் கள்ளக்கடல் வரும் என்று ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்னதாகவே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, உயிர்களும் போயின. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே இத்திங்கள் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கள்ளக்கடல் எங்கே பிறக்கிறது? நம் கரைக்குத் தெற்கே நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் கடும் புயல்களில் பிறக்கிறது. அங்கே எழும் அலைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து, சில நாள் கழித்து நம் வாசலுக்கு வருகின்றன. ஆழ்கடலில் படகில் இருப்பவருக்கு அவை பெரிதாகத் தோன்றா. கரையை நெருங்கி, தரை மேடேற மேடேறத்தான் அவை தலை தூக்குகின்றன.

நம் கடற்கரைப் பெரியவர்களின் கடலறிவை நாம் நன்கு அறிவோம். மலைமுகட்டையும் கோவில் கோபுரத்தையும் கண்ணால் அளந்து கணியம் பார்த்து மீனிருக்கும் இடம் கண்டவர்கள் அவர்கள். காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் கொண்டே கடலின் மனத்தைப் படித்தவர்கள். ஆனால் கள்ளக்கடலுக்கு உள்ளூர்க் காற்றும் இல்லை, மேகமும் இல்லை. அடையாளம் காட்டாமல் வருவதை அனுபவம் மட்டும் எப்படி அறியும்? கண்ணுக்கு எட்டாத தொலைவைக் கருவிதான் எட்ட வேண்டும்.

அக்கருவி என்ன? குறுக்களவு ஒரு மீட்டருக்கும் குறைந்த மஞ்சள் நிறப் பந்து ஒன்று. அதனைக் கடலடியில் நங்கூரமிட்டு மிதக்க விடுகின்றனர். அலையோடு அது ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் உணர்கருவி ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிடும். அரை மணிக்கு ஒருமுறை அலையின் உயரம், திசை, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம் ஆகியன கரைக்கு வந்து சேரும். இந்த இடைநேரமே முக்கியம். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகள் சில நொடிகளுக்கு ஒன்றாக வரும். பதினைந்து நொடியும் அதற்கு மேலும் இடைவெளி விட்டு அலை வந்தால், அது தொலைதூரத்து விருந்தாளி என்று பொருள். கொல்லத்துக்கும் தூத்துக்குடிக்கும் அப்பால் இத்தகைய மிதவைகளை அம்மையம் நிறுவியுள்ளது.

நீவாடு என்று நாம் சொல்லும் நீரோட்டத்தை அளப்பதற்கு வேறொரு முறை உண்டு. கரையில் நிறுத்திய ராடார் கம்பங்கள் வானொலி அலைகளைக் கடல்மேல் அனுப்பும். அவை மோதித் திரும்பும்போது ஏற்படும் சிறு மாற்றத்தைக் கொண்டு நீர் எப்பக்கம், எவ்வளவு விரைவில் ஓடுகிறது என்று கணிப்பர். திசையைச் சரியாக அறிய இரண்டு நிலையங்களேனும் வேண்டும். தமிழகத்தில் கல்பாக்கத்திலும் கடலூரிலும் சென்னைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தார் இவற்றை அமைத்தனர்.

நீரோட்டம் அறிவது எதற்கு என்று கேட்பவர் 2017 நவம்பர் 30ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஒக்கிப் புயலில் சிக்கியவர்களைத் தேட நம் மீனவர்களே படகெடுத்துப் புறப்பட்டதை நாம் மறக்கவில்லை. கவிழ்ந்த படகும் மிதக்கும் மனிதனும் காற்றும் நீரும் இழுத்த பக்கமே போவர். அப்பக்கம் எது என்று தெரிந்தால், தேட வேண்டிய பரப்புக் குறையும். எத்தனையோ வீடுகளில் இன்றும் உடல் காணாத துயரம் ஆறவில்லை.

இத்தனையும் இருக்க, குறை எங்கே? கடைசிச் சில அடிகளில். இதனை நாம் பிறர்மேல் பழியாகச் சொல்லவில்லை. நம் குற்றமாகவே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, ஒரு மாலை இத்தகைய எச்சரிக்கை நம் கைப்பேசிக்கு வந்தது. அது திருவிழாக் காலம். நன்கொடையாளர் பட்டியலை ஒலிபெருக்கியில் ஒரு பெயர் விடாமல் வாசித்த நாம், இதனைக் காலையில் சொல்லலாம் என்று விட்டுவிட்டோம். அன்றிரவே கடல் ஏறிற்று. கரையில் கிடந்த வள்ளங்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. வள்ளத்தைக் காக்க ஓடிய ஒருவரின் கால் முறிந்தது. மறுநாள் அவர் மனைவி நம்மிடம் கேட்டார்: "சாமி, தெரிஞ்சிருந்தா ஒரு வாக்கு சொல்லியிருக்கப்படாதா?" அக்கேள்விக்கு அன்றும் நம்மிடம் விடை இல்லை, இன்றும் இல்லை.

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர்கள் 2004 டிசம்பர் 26 அன்று செய்தது நமக்குப் பாடம். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் மகன் ஒருவர் தொலைபேசியில் சொன்ன செய்தியை, அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே முழக்கினர். ஊரார் ஓடி உயிர் தப்பினர். கடல் நிலவரத்தை நாள்தோறும் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி அது. அன்றாடம் பேசிய குரலாதலால் ஆபத்து நேரத்திலும் ஊர் அதனை நம்பிற்று.

எச்சரிக்கை வந்தும் கடல் அமைதியாக இருந்த நாட்களும் உண்டு. தொழிலுக்குப் போகாத ஒரு நாள் என்பது அடுப்பு எரியாத ஒரு நாள் என்பதை நாம் அறிவோம். ஆகவே "போகாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. அலை எவ்வளவு உயரம், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று விளங்கச் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தால் முடிவை மீனவர் தாமே எடுப்பர்.

எனவே நம் கடற்கரைப் பங்குகளுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, நாள்தோறும் மாலையில் அலையின் உயரத்தையும் காற்றின் நிலையையும் கோவில் ஒலிபெருக்கியில் வாசியுங்கள். கைப்பேசி பழகிய இளைஞர் இருவரை இதற்கென நியமியுங்கள். இரண்டாவது, கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் நள்ளிரவானாலும் மணியடியுங்கள்; வள்ளங்களை இடைவெளி விட்டு மேலேற்றுங்கள்; வெளியூரிலிருந்து கடல் காண வருவோரை நீர்விளிம்பிலிருந்து விலக்குங்கள். மூன்றாவது, கடலில் மிதவையைக் கண்டால் அதில் படகைக் கட்டாதீர்கள். அதன் பாகங்களைக் கழற்றாதீர்கள். சேதமுற்ற மிதவையால் எத்தனையோ நாள் அளவுகள் நின்றுபோனதுண்டு. அதன்மேல் கை வைப்பது நம் கண்ணை நாமே குத்திக்கொள்வதாகும்.

உள்நாட்டுப் பங்குகளில் வாழ்வோர், இது நமக்கு எதற்கு என எண்ண வேண்டா. விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்புவோர் நீங்களே. அனுப்புமுன் கடல் நிலவரத்தை ஒருமுறை கேட்டறியுங்கள்.

நம் முன்னோர் கோவில் மணியை வழிபாட்டுக்கு மட்டும் வைக்கவில்லை; ஊருக்கு ஆபத்து என்றாலும் அதுவே முழங்கிற்று. ஆயிரம் கிலோமீட்டர்களைக் கடந்து வரும் செய்தியைக் கடைசி நூறு அடியில் நாம் தவற விடாதிருப்போமாக.