காலனி

சென்னையில் ஏ.ஜி.எஸ். காலனி, ரயில்வே காலனி என்றால் கவுரவமான விலாசம். தேனீக் கூட்டமும் காலனிதான், எறும்புக் கூட்டமும் காலனிதான், வெள்ளைக்காரன் பிடித்து ஆண்ட நாடும் காலனிதான். கிராமத்துக்கு வந்தால் மட்டும், "நீங்க ஊரா, காலனியா?" என்று ஒருத்தன் கேட்கிறான். சாதிப் பேரைச் சொல்லாமலே சாதி கேட்க இங்கிலீஷ் எப்படி ஒத்தாசை பண்ணுது பாருங்க!

காலனி ஆதிக்கத்தை எதிர்த்து ஊர்த் தெருவில் மேடை போட்டு முழங்குகிற தோழர்களிடம், அதே ஊர்க் காலனிக்குள் கால் வைத்ததுண்டா என்று கேட்டால் கோபம் வருகிறது. வரட்டும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘கொலோனுஸ்’ என்றால் நிலத்தை உழுகிறவன். ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்து ரோமாபுரி அரசு குடியேற்றிய இடங்கள் ‘கொலோனியா’. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு அந்தப் பேர்தான் இன்றும். பிறகு கதை மாறியது. கி.பி. 332இல் மன்னன் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம், பண்ணையை விட்டு ஓடிய கொலோனுஸைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பச் சொன்னது. ஓட நினைத்தாலே விலங்கு. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, உழுகிறவனுக்கு நிலம் கொடுத்த இடத்தின் பேர், உழுதும் நிலமில்லாதவன் குடியிருப்பில் வந்து ஒட்டிக்கொண்டது.

‘காலனி’ வசைச்சொல்லாக, தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டது, அதனால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 29.4.2025 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஒரு வசவு குறைந்தால் நல்லதுதான். ஆனால் 7.11.2012 அன்று தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தபோது அண்ணா நகரும் சேர்ந்தே எரிந்தது. கொளுத்த வந்தவன் பேர்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை.

பேரைத் திருத்தச் சொல்லித் தாலுகா ஆபீசுக்குப் போகிறவர்கள் கையோடு இன்னொன்றையும் கேளுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையை ஒட்டி, 1892 முதல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 10.10.1994 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். உங்க ஊர் ‘அ’ பதிவேட்டில் பஞ்சமி நிலத்தோட சர்வே எண்கள் இப்போ யார் பேர்ல இருக்கு? நகல் வாங்கிட்டு வாங்க.