எந்த ஊர்? யார் பிள்ளை?



எங்கள் நெல்லைச் சீமையில் முன்பின் அறியாத ஒருவன் வந்து திண்ணையில் அமர்ந்தால், பாட்டிமார் அவன் பெயரை உடனே கேட்கமாட்டார்கள். "எந்த ஊரு? யாரு பிள்ளை? வந்த சோலி என்ன?" என்பார்கள். பெயரை யாரும் எப்படியும் சூட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் அறிந்த உண்மை. (இக்கேள்விகளுக்குள் சாதியை மோப்பம் பிடிக்கும் கெட்ட வழக்கமும் ஒளிந்திருக்கிறது, அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. மனிதனிடம் கேட்கக் கூச வேண்டியதைக் கணிப்பொறியிடம் கூசாமல் கேட்கலாம் என்பதே என் கட்சி.)

நாமோ விஞ்ஞானம் பயில்கிறோம். ஆயினும் கணிப்பொறியின் திரைமறைவில் ஓடும் பிராசஸ்களைப் பெயர் பார்த்தே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இந்த வடபுலத்தில் நம் பெயரைக் கேட்டதுமே 'மதராஸி' என்று முத்திரை குத்துவோரைக் கண்டு முகம் சுளிக்கும் நாம் இதைச் செய்யலாமா?

சென்ற குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்து எக்ஸ்-கதிர்க் கருவியில் என் மாதிரி ஒன்றை வைத்திருந்தேன். மூன்று வாரம் பாடுபட்டுத் தயாரித்தது. ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும். 14 மணி நேர அளவீடு. விடியற்காலையில் வந்த இளையவர் ஒருவர், கணிப்பொறி மந்தமாக இருக்கிறதே என்று டாஸ்க் மானேஜரைத் திறந்திருக்கிறார். உயிரெழுத்தே இல்லாத, வாயில் நுழையாத பெயருடன் ஒரு பிராசஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சொடுக்கு, 'எண்ட் டாஸ்க்'! நான் உள்ளே நுழைந்ததும், "அண்ணே, வைரஸைப் பிடிச்சுட்டேன்" என்றார், முகமெல்லாம் மலர்ச்சியாக. அவர் பிடித்தது, கருவியிலிருந்து அளவுகளை வாங்கி நினைவகத்தில் சேர்த்துக்கொண்டிருந்த நிரல். முழு அளவீடும் முடிந்த பிறகே அது கோப்பில் எழுதும். இரவு முழுதும் சேர்ந்தது போயிற்று, மாதிரியும் போயிற்று.

அவரைக் கோபித்துப் பயனில்லை. உலகமே இதில் ஏமாந்திருக்கிறது. 2002-இல் ஒரு மின்னஞ்சல் ஊரெங்கும் சுற்றியது. கரடிக்குட்டிப் படம் போட்ட ஒரு கோப்பு உங்கள் கணிப்பொறியில் இருந்தால் அது வைரஸ். 14 நாள் உறங்கிப் பின் விழித்துக்கொள்ளும். உடனே அழித்துவிடுங்கள் என்று அது சொன்னது. தேடியவர்கள் கண்டார்கள், அழித்தார்கள், நண்பர்களுக்கும் எழுதினார்கள். உண்மையில் அது விண்டோஸோடு வந்த, ஜாவா தொடர்பான சாதுவான கோப்பு. கேடு செய்தது கோப்பன்று, மின்னஞ்சல்தான்.

இனி மறுபுறம். எங்கள் விடுதி நண்பர் ஒருவரின் மடிக்கணிப்பொறி அடுப்புப் போலக் கொதித்தது, விசிறி ஓலமிட்டது. டாஸ்க் மானேஜரைத் திறந்தால் சட்டென்று அமைதி! மூடினால் மீண்டும் ஓலம். வாத்தியார் தலை தெரிந்ததும் புத்தகத்தை விரிக்கும் பையனைப் போன்ற சாமர்த்தியம். பிறர் கணிப்பொறியில் களவாக நாணயம் தோண்டும் நிரல்களில் சில இப்படிச் செய்யும். பெயர் என்னவோ எஸ்விசி-ஹோஸ்ட். விண்டோஸின் நாணயமான ஊழியன் பெயர் அது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 திருத்தத்திலிருந்து, மூன்றரை ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணிப்பொறிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி எஸ்விசி-ஹோஸ்ட் ஓடுவதால், பத்துக் கணக்கில் அதைக் காணலாம். அந்தக் கூட்டத்தில் கள்ளன் ஒருவன் கலந்தால் யாருக்குத் தெரியும்? வி-யும் சி-யும் இடம் மாறிய போலிப் பெயர்களாவது கூர்ந்து நோக்கினால் பிடிபடும். இவனோ ஓர் எழுத்தும் பிசகாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

இங்கேதான் பாட்டியின் கேள்விகள் உதவின. எந்த ஊர்? டாஸ்க் மானேஜருக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தோம். அசல் எஸ்விசி-ஹோஸ்ட் குடியிருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல். சிஸ்-வாவ்-64 என்ற பக்கத்து வீட்டிலும் ஒரு பிரதி உண்டு. இவன் இருந்ததோ நண்பரின் சொந்த ஆப்-டேட்டா ஃபோல்டரில். யார் பிள்ளை? அசலைப் பெற்றெடுப்பது சர்வீசஸ் என்னும் பிராசஸ். பெற்றோரையும் பிள்ளைகளையும் வமிசாவளி போல் காட்டும் அதே கருவியில் பார்த்தால், இவனைப் பெற்றது, வரைபடம் போடுவதற்காக நண்பர் காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய மென்பொருள்! வந்த சோலி என்ன என்பதை விசிறியே சொல்லிவிட்டது.

கையெழுத்து இருக்கிறதே என்பீர்கள். ஆம், தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் நல்ல சான்று. ஆனால் முடிந்த முடிபு அன்று. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், தைவான் கம்பெனிகள் இரண்டிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் ஒப்பமிட்டுக்கொண்டு வந்தது. 2017-இல் சிசிளீனர் என்னும் துப்புரவு நிரலின் ஒரு பதிப்பு, தயாரிப்பாளரின் முறையான ஒப்பத்தோடேயே நஞ்சு கலந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளுக்குப் போயிற்று. என் கருவியின் நிரலுக்கோ ஒப்பமே இல்லை; அது உத்தமன்!

ஐயம் தீராவிட்டால் வைரஸ்டோட்டல் என்னும் இணையச் சேவை உண்டு. பல வைரஸ் தடுப்பு நிரல்களின் கருத்தை ஒருங்கே தரும். கோப்பையே அனுப்பாமல், அதன் ஷா-256 என்னும் 64 எழுத்துக் கைரேகையை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அனுப்பிய கோப்புகள் பிறர் கைக்கும் போகும். ஆய்வேட்டை அங்கே ஏற்றிவிட்டு அழுதவர் கதை நமக்கு வேண்டாம்.

கள்ளன்தான் என்று உறுதியானால், அவனை மட்டும் கொன்றுவிட்டுக் கைகழுவ முடியாது. இணையத்தைத் துண்டித்து, நம் கோப்புகளைப் படியெடுத்து, வேறு கணிப்பொறியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். நண்பருக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த வரைபட மென்பொருளை இப்போது எவர் இலவசமாக நீட்டினாலும் எழுந்து போய்விடுகிறார்.

என் கோரிக்கை இரண்டு. கருவியோடு இணைந்த ஒவ்வொரு கணிப்பொறியின் அருகிலும், அதில் ஓடவேண்டிய பிராசஸ்கள் எவை, எந்த ஃபோல்டரில் இருப்பவை என்று ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். மூத்தவர்களான நாங்கள் அன்றே ஒட்டியிருந்தால் அந்த இளையவர் கை வைத்திருக்கமாட்டார்; பிழையில் பாதி எங்களுடையது. மற்றொன்று, ஆண்டுதோறும் ஜூலையில் புதிய மாணவர்களுக்கு ரயில் டிக்கட்டும் தோசைக் கடையும் காட்டிக்கொடுக்கும் நம் சங்கம், இதற்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். எங்கள் கூடத்தில் தாள் ஒட்டியாயிற்று. எழுதியவர் அந்த இளையவரே. உயிரெழுத்தில்லாத அந்தப் பெயரைச் சிவப்பு மையில் முதல் வரியாகப் போட்டிருக்கிறார்.