ஆய்வேட்டுக்கு ஒரு விதி, ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு விதியா?

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை, ஒன்றிய, மாநில அரசுகளின்கீழ் இயங்கும் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்போர் தனிக் கட்டணமின்றி வாசிக்கலாம். ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் பயன்பெறுவார்கள் என்பது அரசின் கணக்கு. இதற்காக மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். ஐஐடி நூலகத்தில் கிடைத்த ஆய்விதழ் மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரிக்கு எட்டாது என்றிருந்த நிலையை இது மாற்றுகிறது. அந்த அளவில் வரவேற்கத்தக்க திட்டம்தான். ஆனால் சந்தா என்பது வாடகை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதே பதிப்பகங்களோடு மறுபடி உட்கார்ந்து விலை பேசியாக வேண்டும். இவ்வளவு பெரிய வாடகையைக் கொடுக்க முன்வந்த அரசு, தன் சொந்தப் பணத்தில் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரைகளையாவது எல்லோரும் வாசிக்கும்படி வைக்க வேண்டும் என்ற விதியை இன்னும் கண்டிப்பாக்கவில்லை. அதைக் கண்டிப்பாக்குவதற்கான வழி நம்மிடமே இருக்கிறது என்பதுதான் இந்தப் பத்தியின் வாதம்.

அரசு நிதியில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். கருவி, வேதிப்பொருள், களப்பணி, ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை, பேராசிரியரின் சம்பளம் எல்லாம் மக்கள் வரிப்பணம். முடிவை எழுதி இதழுக்கு அனுப்பும் ஆய்வாளருக்கு இதழ் ஒரு காசும் தருவதில்லை. மாறாக, பதிப்புரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறது. கட்டுரை சரியா தவறா என்று பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களும் வேறு பல்கலைக்கழகங்களில் சம்பளம் வாங்குபவர்களே. அவர்களும் இதை இலவசமாகத்தான் செய்கிறார்கள். இறுதியில் அதே கட்டுரையை வாசிக்க, அந்த ஆய்வாளரின் நிறுவனமே சந்தா கட்டுகிறது. மூலப்பொருளும் தரப்பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தொழிலில் லாபம் எவ்வளவு இருக்கும்? எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலக்ஸ், தன் அறிவியல், மருத்துவப் பதிப்புப் பிரிவில் நூறு ரூபாய் வருவாய்க்கு ஏறத்தாழ 38 ரூபாய் செயல்பாட்டு லாபம் காட்டுகிறது. உலகின் பணக்காரப் பல்கலைக்கழகமான ஹார்வர்டின் ஆசிரியர் ஆலோசனைக் குழுவே, பெரும் பதிப்பகங்களுக்கு ஆண்டுதோறும் 37.5 லட்சம் டாலர் வரை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று 2012-இல் கைவிரித்தது.

சந்தா வந்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கலாம். முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்கள் மட்டுமே அதில் சேர்ந்திருக்கின்றன. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டில் இது சிறிய விலக்கு இல்லை. தனி மருத்துவமனை நடத்தும் மருத்துவர், ஓய்வுபெற்ற விஞ்ஞானி, புதுத்தொழில் தொடங்கிய இளைஞர், தன் குழந்தைக்கு வந்த அரிய நோயைப் பற்றித் தேடும் பெற்றோர் ஆகியோரும் வெளியேதான் நிற்கிறார்கள். 2020 டிசம்பரில் வெளியான அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கை வரைவு, நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஆய்விதழ்கள் கிடைக்க வேண்டும் என்றே பேசியது. திட்டம் நடைமுறைக்கு வந்தபோது 'ஒவ்வொருவர்' என்பது 'நிறுவனத்தில் இருப்பவர்' என்று சுருங்கிவிட்டது. இன்னொன்றும் உண்டு. சந்தா நம்மை உலகத்தின் ஆய்வை வாசிக்க வைக்கிறது. நம் ஆய்வை உலகம் வாசிக்க அது எதுவும் செய்வதில்லை. டாக்காவிலோ நைரோபியிலோ இருப்பவருக்கு இந்திய விஞ்ஞானியின் கட்டுரை முன்போலவே பூட்டித்தான் கிடக்கிறது.

பொதுமக்களுக்கு இந்தக் கட்டுரைகள் புரியவா போகின்றன என்ற ஏளனமும் அவ்வப்போது எழும். புரிய வேண்டியவர்களுக்கே கிடைக்காமல் போன கதை ஒன்று உண்டு. லைபீரியாவை எபோலா நிலவும் பகுதியாகக் கருத வேண்டும், அங்குள்ள மருத்துவப் பணியாளர்கள் மருத்துவமனைக்குள் தொற்று பரவும் அபாயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1982-இலேயே ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். 2014-இல் நோய் வெடித்தபோது அந்த எச்சரிக்கை லைபீரிய சுகாதாரத் துறையில் எவருக்கும் நினைவில் இல்லை. 4,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பெர்னிஸ் டான் 2015 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் சக எழுத்தாளர்களோடு இதை வெளிப்படுத்தினார். அப்படிப்பட்ட ஒரு கட்டுரையைத் தரவிறக்க 45 டாலர் ஆகும், அது லைபீரிய மருத்துவரின் அரை வாரச் சம்பளம் என்றும் எழுதினார். கட்டுரை திறந்து கிடந்திருந்தால் கொள்ளைநோயே வந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வில் லைபீரியர் எவரையும் சேர்த்துக்கொள்ளாததும் ஒரு காரணம் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் ஓர் ஊரின் ரத்தத்தை எடுத்துச் செய்த ஆய்வின் முடிவு அந்த ஊர் மருத்துவருக்கு விலைப்பொருளாக இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தியாவில் இதற்கான கொள்கை இல்லாமல் இல்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே திறந்த அணுக்கக் கொள்கையை வெளியிட்டன. இவ்விரு துறைகளின் நிதியில் எழுதப்படும் கட்டுரை இதழில் ஏற்கப்பட்ட இரண்டு வாரங்களுக்குள், அதன் இறுதி வரைவை நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். கட்டுரையைச் சிறிது காலம் பூட்டிவைக்கும் தடைக்காலத்தைப் பதிப்பகம் கேட்டால், அது முடிந்ததும் திறந்துவிட வேண்டும். இதழின் அச்சு வடிவம் தேவையில்லை, ஆய்வாளர் தன் கணினியில் வைத்திருக்கும் இறுதிக் கோப்பு போதும். ஏற்றுவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். இருந்தும் பத்தாண்டுகள் கழிந்த பிறகும் அது பரவலாகப் பின்பற்றப்படவில்லை. நம் விஞ்ஞானிகள் சோம்பேறிகள் என்பது இதற்கு விடையாகாது. கட்டுரையை ஏற்றியவருக்கு ஒரு நன்மையும் இல்லை, ஏற்றாதவருக்கு ஒரு நட்டமும் இல்லை என்றால் எந்த நாட்டிலும் இதுவே நடக்கும்.

நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், தன் நிதியில் வந்த கட்டுரைகளைப் பப்மெட் சென்ட்ரல் களஞ்சியத்தில் தரும்படி 2005-இல் ஆய்வாளர்களை வேண்டிக்கொண்டது. நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தரவில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி 2008 ஏப்ரலில் அது கட்டாயமானதும் கட்டுரைகள் வந்து குவிந்தன. பன்னிரண்டு மாதத் தடைக்காலமும் 2025 ஜூலை 1 முதல் போய்விட்டது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இன்னும் எளிய வழி கண்டது. அதன் ஓர்பி களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகள் மட்டுமே பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும் என்று துணைவேந்தர் நிலையிலிருந்த பெர்னார் ராந்தியே அறிவித்தார். அபராதம் இல்லை, மிரட்டல் இல்லை. தேர்வுக் குழு பார்க்கும் பட்டியல் களஞ்சியத்திலிருந்து வரும், அதில் இல்லாத கட்டுரை இல்லாததாகவே கருதப்படும். அவ்வளவுதான். உலகின் மிகச் செழிப்பான பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் ஒன்றாக ஓர்பி வளர்ந்தது.

இதற்கு லியேஜ் வரை போகவும் வேண்டாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளை என்ன செய்தோம்? பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஆய்வேட்டின் மின்படி, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதித்தது. விளைவு, ஒரு காலத்தில் பல்கலைக்கழக அலமாரிகளில் செல்லரித்துக் கொண்டிருந்த லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இன்று சோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அதில் உண்டு. பட்டத்தோடு கட்டியதால் அந்த விதி வேலை செய்தது. கட்டுரைக்கான விதியை எதோடும் கட்டாததால் அது கொள்கை ஆவணமாகவே நின்றுவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், சோத்கங்காவை நடத்துவதும், 6,000 கோடிச் சந்தாவை ஒருங்கிணைப்பதும் காந்திநகரில் இருக்கும் அதே இன்ஃபிளிப்நெட்தான்.

பதிப்புரிமை பதிப்பகத்திடம் இருக்கும்போது ஆய்வாளர் எப்படிக் கட்டுரையை வெளியே வைப்பார் என்பது நியாயமான கேள்வி. இறுதி வரைவைக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான இதழ்கள் இன்றே அனுமதிக்கின்றன, சில உடனே, சில தடைக்காலத்துக்குப் பிறகு. அனுமதிக்காதவற்றுக்கும் வழியுண்டு. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் 2008-இல் தன் ஆசிரியர்களின் கட்டுரைகளைப் பரப்பும் உரிமையை, இதழோடு ஒப்பந்தம் போடும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டது. ஜெர்மனி 2014-இலும் நெதர்லாந்து 2015-இலும், பொது நிதியில் வந்த கட்டுரையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் ஆய்வாளர் தாமே வெளியிடும் உரிமையைச் சட்டமாக்கின. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த உரிமை போகாது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இத்தகைய ஒரு பிரிவைச் சேர்க்கத் தடை ஏதுமில்லை.

எல்லாம் இலவசமாகக் கிடைத்தால் சந்தா கட்டுவோர் யார், இதழ்கள் மூடப்பட்டால் தரப்பரிசோதனைக்கு எங்கே போவது என்பது அடுத்த ஆட்சேபம். செம்மையாக்குதல், கணினி அமைப்பு, நீண்டகாலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் செலவுண்டு என்பது உண்மை. ஆனால் இந்த அச்சத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலான சோதனை முடிவு கையில் இருக்கிறது. 1991-இல் பால் ஜின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் உயராற்றல் இயற்பியலின் கட்டுரைகள் அநேகமாக எல்லாமே இதழுக்குப் போகும் முன்பே இலவசமாக ஏறிவிடுகின்றன. அத்துறையின் இதழ்கள் செத்துவிடவில்லை. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழ்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

அப்படியானால் இதழுக்கே பணம் கட்டிக் கட்டுரையைத் திறந்துவிடலாமே என்பார்கள் சிலர். அந்த வழி நமக்கு ஆகாது. நேச்சர் இதழ் 2021-இல் அதைத் தொடங்கியபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கேட்டது. மாதம் 37,000 ரூபாய் வாங்கும் நம் இளநிலை ஆய்வாளர் ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கொடுக்கும் உதவித்தொகை அது. வாசகரிடம் வாங்கிய காசை எழுதியவரிடம் வாங்குவதால் பூட்டு இடம் மாறுமே தவிர, திறக்காது. பணம் கட்டினால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகியதும் இந்த வழியில்தான். 2014 கொள்கை இக்கட்டணத்தை ஏற்க மறுத்தது சரியான முடிவு. இரு தரப்பிடமும் காசு வாங்காத இதழ்களும் உண்டு. பிரேசிலில் தொண்ணூறுகளின் இறுதியில் பிறந்த சைலோ என்ற இணைய இதழ்த் திட்டம் அப்படிப் பல இதழ்களை வளர்த்தது. பெங்களூருவின் இந்திய அறிவியல் அகாதமி தன் இதழ்களைத் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. அவற்றுக்குச் சந்தாப் பணத்தின் ஒரு சிறு பங்கு போனாலே பெரிய உதவி.

சந்தா ஒப்பந்தம் 2027-இல் முடிகிறது. அதற்குள் மூன்று காரியங்கள் ஆக வேண்டும். புதிய நிதி கேட்கும் விண்ணப்பத்தில், முந்தைய நிதியில் வந்த கட்டுரைகளின் களஞ்சிய எண்ணைக் கேட்க வேண்டும். பேராசிரியர் பதவி உயர்வுக்குக் களஞ்சியத்தில் உள்ள கட்டுரைகளை மட்டுமே எண்ண வேண்டும். பதிப்பகங்களுடன் போடும் அடுத்த ஒப்பந்தத்தில், இந்திய ஆய்வாளரின் இறுதி வரைவு தடைக்காலமின்றித் திறந்திருக்கலாம் என்ற ஒரு வரி இடம்பெற வேண்டும். இவற்றுள் இரண்டாவதற்கு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் மூலம் நாளையே தொடங்கலாம். 6,000 கோடி கொடுக்கும் வாங்குபவர் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்காவிட்டால், குறை விற்பவரிடம் இல்லை.