நஞ்சுக்கு மருந்தென்று பெயர்

நோய் தீர்ப்பது மருந்து. உயிர் கொல்வது நஞ்சு. இவ் வேறுபாட்டை அறியாதார் தமிழருள் எவருமிலர். ஆயினும், தெளிப்பானை முதுகிற் சுமந்து வயலுக்குள் இறங்கும் உழவர் "மருந்தடிக்கப் போகின்றேன்" என்றே சொல்கின்றார். விற்பவனுக்கு வாய்ப்பான பெயர் அது. பெயர் பொய்யாயின் அதன்வழிப் பிறக்கும் செயலும் பிழையாகாதோ?

காருவா இரவில் அங்காளம்மனைக் காண மேல்மலையனூரில் திரள்வோர், நெல்லும் நிலக்கடலையும் விளையும் நிலங்களைக் கடந்தே வருகின்றனர். அந் நிலங்களில் ஊதியமின்றிப் பணிசெய்யும் படையொன்று உண்டு. பொறிவண்டு அசுவுணியைத் தின்னும். தட்டான் பறந்தவாறே இரை பிடிக்கும். கும்பிடுபூச்சி கும்பிட்டபடியே கொல்லும். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத முட்டை ஒட்டுண்ணிக் குளவியோ, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுப் புழு பிறக்குமுன்னரே அதனை ஒழிக்கும். தெளிக்கும் நஞ்சு இவற்றையும் சேர்த்தே கொல்கின்றது.

இவற்றுள் பொறிவண்டின் குஞ்சுக்கு நேர்வதே பெருங்கொடுமை. தாயின் அழகு அதற்கில்லை; கருத்து நீண்டு, முதலைக்குட்டி போல் தோன்றும். அதனைப் பயிர் தின்னும் புழுவென்று கருதி நசுக்குவோர் பலர். காவற்காரனைக் கள்வனென்று அடித்துக் கொன்றபின் வீட்டைக் காப்பவர் யார்? கத்தரி இலையைச் சுரண்டும் வண்டும் பொறிவண்டைப் போன்றதே. ஆகலின் உற்றுநோக்கி அறிதல் வேண்டும்.

இப் படையை அழைப்பது அரிதன்று. வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும், காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் கொத்துமல்லியும் விதைத்தால் போதும். கொத்துமல்லியின் சிறுபூவில் குளவியின் குறுவாய்க்கும் தேன் எட்டும். பயற்றில் மொய்க்கும் அசுவுணி நெல்லைத் தொடுவதில்லை. அதனை நாடிவரும் பொறிவண்டோ நெல்லுக்குள்ளும் இறங்கும். ஆனால், அசுவுணி கழிக்கும் இன்னீருக்காக எறும்பு அதனைக் காத்துநின்று பொறிவண்டை விரட்டும். கூலிக்குப் பகைவனைக் காப்பார் எவ்வினத்திலும் உண்டு போலும்!

நஞ்சை விட்டால் விளைச்சல் என்னாம் என்பார், இந்தோனேசியாவைக் காண்க. அங்கு நெல்லைப் புகையான் சுட்டெரித்தபோது, தெளிக்கத் தெளிக்க அது பெருகிற்று. இதன் கரணியம் எளிது. நஞ்சு சிலந்தியைக் கொன்றது. இலையுறைக்குள் புதைந்திருந்த புகையானின் முட்டையைக் கொல்லவில்லை. பொரித்த குஞ்சுக்கு வயலிற் பகையே இல்லை. 1986-இல் அந் நாட்டரசு நெல்லுக்கு அடிக்கும் 57 வகை நஞ்சுகளைத் தடைசெய்தது.

தமிழகத்திலும் சான்றுண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டிற்று. அதன் உடலை மூடிய மெழுகைக் கடந்து நஞ்சு எளிதில் உட்செல்லவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி உழவர்க்கு வழங்கிற்று. கொள்ளைபோல் வந்த பூச்சி அடங்கிற்று.

கடன்பட்டுப் பயிரிட்டவன் வரப்பிற் பூ மலருமட்டும் பொறுத்திருப்பானா என்பது நேர்மையான வினாவே. அவனை ஒரேநாளில் தெளிப்பானைத் துறக்கச் சொல்வது அறமன்று. ஆயின், இன்று அவன் இலையைக் கிள்ளிக்கொண்டு கடைக்குச் செல்கின்றான்; பூச்சி இன்னதென்று சொல்பவனும் நஞ்சை விற்பவனும் ஒருவனாகவே இருக்கின்றான். அவ்விருவரும் வேறாதல் வேண்டும். மேல்மலையனூர் வட்டத்து ஊர்தோறும் வேளாண்மைத் துறையினர் வரப்பில் நின்று, தீயது எத்தனை, அதனைத் தின்பது எத்தனை என்று எண்ணிக் காட்டட்டும். தீயது மிகுந்திருந்தால் மட்டுமே தெளிப்பானை எடுக்கட்டும். அப்போதும் அதனுள் ஊற்றுவதை நஞ்சென்றே சொல்லட்டும்.