விலை அட்டையில் ஒரு நட்சத்திரம்
டென்மார்க்கின் சாலிங் குழுமக் கடைகளில், 2025 மார்ச் முதல், ஐரோப்பிய நிறுவனப் பொருள்களின் மின்னணு விலை அட்டையில் சின்னதாக ஒரு கறுப்பு நட்சத்திரம். கிரீன்லாந்தை எடுத்துக்கொள்வோம் என்ற அமெரிக்க அதிபர் டிரம்பின் பேச்சு டென்மார்க் மக்களை எவ்வளவு புண்படுத்தியது என்பதைத் தலையங்கங்களைவிட அந்த நட்சத்திரம்தான் எனக்கு உணர்த்தியது. அமெரிக்கச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கிவிடவில்லை. எடுப்பதும் விடுவதும் வாங்குபவர் விருப்பம். அந்தக் கண்ணியம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் மனசைப் பிசைகிற ஒன்றும் உண்டு. அங்கே அமெரிக்கக் கோகா கோலாவைப் புட்டியில் அடைத்து விற்பது அவர்களுடைய பீர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க்தான். அதை ஒதுக்கிவிட்டு உள்ளூர் ஜாலி கோலாவை எடுக்கிற கை, சொந்த நாட்டுத் தொழிலாளியின் வேலையையும் தொட்டுவிடுகிறது. கோலாவையாவது மாற்றிக்கொள்ளலாம்; அமெரிக்க நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டும் வேண்டாம் என்று கைபேசி வாங்கப் புறப்பட்டால் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.