ஒன்பது வயதில் சடங்கு: சோப்புக் கம்பெனி சொல்லாத சேதி

நம் சால் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: ‘நாலாவதுதான் படிக்கிறாள், அதற்குள் வயதுக்கு வந்துவிட்டாள்.’ உடனே ரயில் டிக்கெட் எடுக்கிறோம். ஊருக்குப் போய், கடன் வாங்கிப் பந்தல் போட்டு, தாய்மாமன் சீரோடு சடங்கு முடிக்கிறோம். சில வீடுகளில் பிள்ளை பாட்டியிடமே தங்கிவிடுகிறாள். பள்ளிக்கூடம் அத்தோடு சரி. காரணம் கேட்டால் எல்லோரும் பிராய்லர் கோழியைச் சொல்கிறார்கள்.

கோழி பாவம்! அது ஆறு வாரத்தில் வளர்வது இன விருத்தியாலும் தீவனத்தாலும்தான். பிள்ளைகள் சீக்கிரம் பருவமடைவதற்குக் காரணங்கள் பல. உடம்பில் எடை கூடுவது அதில் முக்கியமானது. ஆனால் நாம் அன்றாடம் தேய்க்கிற, பூசுகிற சாமான்களுக்கும் இதில் பங்கு உண்டா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு ஆராய்ச்சி நம்மைப் போலவே பிழைக்கப் போன மக்களிடம் நடந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு என்று ஒரு விவசாயப் பகுதி. அங்கே கீரையும் ஸ்ட்ராபெரியும் பறிக்கிற கூலிகள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அங்குள்ள கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 338 பிள்ளைகளை 9 வயது முதல் 13 வயது வரை பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின்போது தாய் உடம்பில் டைஎத்தில் தாலேட், டிரைக்ளோசன் ஆகியவை அதிகம் இருந்தால், பெண் பிள்ளை முன்னதாகப் பருவமடைகிறாள். அளவு இரட்டிப்பானால் சுமார் ஒரு மாதம் முந்துகிறது. முதலாவது வாசனை நிலைத்து நிற்கச் சேர்ப்பது; இரண்டாவது கிருமிநாசினி. இரண்டும் ஹார்மோன் வேலையில் குறுக்கிடக்கூடியவை. ஒரே ஆராய்ச்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். தீர்ப்பு வரும்வரை நம் பிள்ளைகள் சோதனை எலிகளாக இருக்க வேண்டுமா?

அதே சலினாஸில் 100 இளம்பெண்கள் 3 நாள் மட்டும் இந்த ரசாயனங்கள் சேராத சோப்பு, ஷாம்புக்கு மாறினார்கள். சிறுநீரில் டிரைக்ளோசன் 36 சதவீதமும், தாலேட்டின் எச்சம் 27 சதவீதமும் குறைந்தன. 2016-ல் வந்த செய்தி இது. அந்த ஆண்டிலேயே அமெரிக்க அரசு டிரைக்ளோசன் உள்ளிட்ட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்பில் சேர்க்கக் கூடாதென்று உத்தரவிட்டது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்றோ, நெடுநாள் தேய்த்தாலும் தீங்கில்லை என்றோ கம்பெனிகளால் காட்ட முடியவில்லை.

இங்கே நாம் வாங்குகிற பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ‘பெர்ஃப்யூம்’ என்று ஒரே சொல். அதற்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்பது கம்பெனிக்கே வெளிச்சம். தினக்கூலிக்குப் போய்வந்து பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாய் இதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? அவள்மேல் பழி போடாதீர்கள். வாசனைக்குள் இருப்பதையெல்லாம் பெயர் சொல்லி, மக்கள் படிக்கிற மொழியில் அச்சிடக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டியது அரசு. அதைத்தான் கேட்கிறோம். அதுவரை கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வாசனைப் பவுடரும் கிருமிநாசினிச் சோப்பும் வேண்டாம். சாதாரண சோப்பே அழுக்கைப் போக்கும்.

எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்வது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். விட்டுவிட்டால் எலும்பு வளர்ச்சி சீக்கிரம் முடிந்து பிள்ளை குட்டையாகிவிடலாம். தேவைப்பட்டால் தள்ளிப்போட ஊசி மருந்து இருக்கிறது.

ஒன்பது, பத்து வயதில் வயதுக்கு வந்தவள் உடம்பால் வளர்ந்திருக்கலாம். மனத்தால் அவள் பாண்டி ஆடுகிற குழந்தைதான். 6 முதல் 14 வயது வரை படிப்பு அவள் உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சடங்குக்கு ஊருக்குக் கூட்டிப்போன பிள்ளையை, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன்னே திரும்பக் கூட்டி வாருங்கள்.