ஆறு வயதுத் தாடி ஓணானும் நம்மட பிள்ளைகளின் கல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

ராத்தாவின் குடும்பம் சிட்னியில் இருக்கிறது. போன ஜூன் மாதம் மருமகன் ஒரு 'பியர்டட் டிராகன்' வளர்க்கத் தொடங்கினான். தாடி ஓணான். கடையில் வாங்கிய குட்டி அல்ல. ஒரு குடும்பம் வீடு மாறும்போது, இனி வைத்திருக்க முடியாது என்று கொடுத்த ஆறு வயது ஓணான். நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க லைசன்ஸ் வேண்டும். மச்சான் அதை எடுத்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பத்தாம் நாள் ராத்தா வட்ஸ்அப்பில் எடுத்தா. "தம்பி, இது ஒண்டும் தின்னுதில்ல. கிட்டப் போனா தாடி கறுத்துப் போகுது. மகன் அழுதுகொண்டே இருக்கான். திருப்பிக் குடுத்திருவமா? நீ சயன்ஸ் படிப்பிக்கிறவன்தானே, சொல்லு."

நான் கேட்டது ஒன்றுதான். "ராத்தா, வருஷத்தின் நடுவில ஒரு பிள்ளை வேற ஸ்கூல்ல இருந்து உன்ட வகுப்புக்கு வந்தா, பத்து நாளில பேசல்ல எண்டு திருப்பி அனுப்புவியா?"

இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வரும் முதல் கருத்து. வளர்ந்த பிராணி ஒன்றை எடுப்பவர்கள் குட்டியை எடுத்தவர்கள் மாதிரி நடக்கிறார்கள். பிழை அங்கேதான். வளர்ந்தது வெறும் கையோடு வருவதில்லை. பழைய வீட்டின் சாப்பாடு, பழைய கை, பழைய பயம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்: புதிதாக வந்த பிள்ளையை முதல் நாளே எழுப்பிக் கேள்வி கேட்காதே, முதலில் பழைய பாடசாலையில் என்ன படித்தது என்று பார். ஓணானுக்கும் அதேதான்.

இடம் மாறிய தாடி ஓணான் முதல் ஓரிரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது வழமை. தாடி கறுப்பது கோபம் மட்டுமல்ல, பயமும்தான். அந்த நாட்களில் தூக்கிக் கொஞ்சக் கூடாது. சாப்பாடு, தண்ணீர் வைப்பது, துப்புரவு செய்வது, இவற்றுக்கு மட்டும் கையை உள்ளே விட வேண்டும். மற்ற நேரம் பக்கத்தில் இருந்து ஓதலாம், வீட்டுவேலை எழுதலாம். குரலும் மணமும் பழகட்டும். இன்னொரு ஓணானைத் துணைக்கு விடுவது பெரிய பிழை. இவை தனியாக வாழ்பவை. இரண்டை ஒரு கூட்டில் போட்டால் ஒன்று மற்றதை நசுக்கும்.

பிறகு பழைய வீட்டுக்காரரிடம் கேட்கச் சொன்னேன். என்ன சாப்பிட்டது? எப்போது கடைசியாக மலம் கழித்தது? லைட் எப்போது மாற்றினீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வந்த பதில்தான் விஷயத்தை உடைத்தது. யூவி பல்ப் மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேல்.

இந்த ஓணானுக்கு இரண்டு விதமான விளக்கு வேண்டும். ஒன்று சூட்டுக்கு. வெயில் காயும் மூலை 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும், மறுபக்கம் 25 பாகை அளவில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உடம்பு சூடாகாவிட்டால் தின்றது செமிக்காது. மற்றது யூவி-பி கதிருக்கு. அது இல்லாவிட்டால் உடம்பில் விட்டமின் டி உருவாகாது, கல்சியம் எலும்பில் சேராது. தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும், கை நடுங்கும். யூவி பல்ப் பார்வைக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் குறைந்துபோயிருக்கும். தயாரித்தவர் சொன்னபடி ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மாற்ற வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயிலை நம்பவும் முடியாது, கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும்.

பழைய வீட்டார் கொடுமைக்காரர்கள் அல்ல. லைட் எரிகிறது, அதனால் எல்லாம் சரி என்று நினைத்தவர்கள். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகள் விஷயத்தில் அப்படி இருக்கிறோம்? பிள்ளை வகுப்பில் இருக்கிறது, அதனால் படிக்கிறது என்று.

பல்ப் மாற்றினார்கள். ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் மலப் பரிசோதனையும் செய்தார்கள். புழு இருந்தது, மருந்து கொடுத்தார்கள். அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். வளர்ந்த தாடி ஓணான் அந்தக் காலத்தில் தூங்கிக்கொண்டே கிடப்பதும் உண்டு. ஆனால் புதிதாக வந்த ஒன்றைப் பார்த்து "குளிர்காலத் தூக்கம்தான்" என்று வைத்தியரிடம் காட்டாமல் விடுவது ஆபத்து. கிழமைக்கு ஒரு முறை தராசில் நிறுத்து எழுதச் சொன்னேன். கண்ணை விடத் தராசு நம்பிக்கையானது.

சாப்பாட்டிலும் ஒரு பிழை இருந்தது. குட்டி என்றால் பூச்சிதான் அதிகம் வேண்டும். வளர்ந்ததுக்குத் தலைகீழ்: பெரும்பகுதி இலை, காய், பூச்சி கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போதும். ராத்தா பாசத்தில் ஒவ்வொரு நாளும் கொழுத்த புழு போட்டிருக்கிறா. பூச்சி அதன் இரண்டு கண்ணுக்கு இடைப்பட்ட தூரத்தை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. மின்மினிப் பூச்சி ஒன்று போதும், உயிர் போய்விடும்.

இன்னொன்று. ராத்தாவுக்கு ஒரு வயதுக் குழந்தையும் இருக்கிறது. ஊர்வன சுகமாக இருந்தாலும் சல்மொனெல்லா கிருமியைக் காவலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது, தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், குசினி சிங்கில் அதன் பாத்திரத்தைக் கழுவக் கூடாது. பாசம் வேறு, கவனம் வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் அமானிதம்.

பதினேழாம் நாள் அது மருமகனின் கையிலிருந்து ஒரு கீரைத் துண்டை எடுத்துத் தின்றது. அந்த வீடியோவை இருபது தரமாவது பார்த்திருப்பேன். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். இதை எழுத வைத்ததே இதுதான்.

அந்த வீடியோ வந்த கிழமை இடைவேளையில் தரம் ஆறு பிள்ளைகள் நாலு பேர் மதிலோரத்தில் ஒரு ஓணானைச் சுற்றி நின்று கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். வால் அறுந்து, ஒரு கண் போய், இன்னும் உயிர் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "சேர், நன்மை கிடைக்கும் சேர். இப்ராஹீம் நபியை நெருப்பில போட்டப்ப ஊதினது இதுதான்."

அந்த ஹதீஸ் 'வஸக்' பற்றியது, அதாவது பல்லி இனம். அதன் சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அதே அறிவிப்புகளில் முதல் அடியிலேயே முடிப்பவருக்குத்தான் கூடிய நன்மை என்று வருகிறது. உயிருள்ள ஒன்றைக் குறி வைத்து எறியும் இலக்காக ஆக்காதீர்கள் என்று தடுத்ததும் அதே நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள்தான். பூனையை அடைத்து வைத்து, தானும் உணவு கொடுக்காமல், அதுவாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணின் கதி நமக்குத் தெரியும். மதிலோரத்து ஓணானைச் சித்திரவதை செய்ய நமக்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

சிட்னியில் மருமகன் தராசில் நிறுத்து நிறுத்துப் பார்க்கும் தாடி ஓணானும், எங்கள் பாடசாலை மதிலில் தலையாட்டும் ஓணானும் விஞ்ஞானத்தில் ஒரே குடும்பம். உலகில் வேறெங்கும் இல்லாத கொம்பு ஓணான்கள் நம்ம நாட்டு மலைகளில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள் என்பதால்தான் 2019 இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் இலங்கை பாதுகாப்புக் கேட்டுப் பெற்றது. வெளியார் திருட வரும் அளவுக்குப் பெறுமதியானதை நாம் கல்லால் அடிக்கிறோம்.

வீடியோவைப் பார்த்த சில பிள்ளைகள், "சேர், இங்க எங்க வாங்கலாம்?" என்று கேட்டார்கள். வாங்க வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உயிருள்ள விலங்கைக் கொண்டுவர முடியாது. ஆஸ்திரேலியாவும் தன் ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. நம்ம ஓணானைப் பிடித்துக் கூட்டில் போடவும் வேண்டாம். அதற்கு மதிலும் வெயிலும் போதும். நாம் செய்ய வேண்டியது கல்லைக் கீழே போடுவது மட்டும்தான்.

அந்த நாலு பேரையும் நான் தண்டிக்கவில்லை. ஒரு மாதம் மதிலோரத்து ஓணான்களைக் கவனித்து எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்கு வெயில் காய வருகிறது, எப்போது நிறம் மாறுகிறது, என்ன தின்கிறது. இரண்டாம் கிழமை ஒருவன் வந்து மெதுவாகச் சொன்னான்: "சேர், ஒண்டுக்குப் பேர் வச்சிட்டன்."

பேர் வைத்ததை யாரும் கல்லால் அடிக்கமாட்டார்கள்.

வாப்பாமாரே, உம்மாமாரே, இன்றைக்கு இரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், ஓணானைக் கண்டால் என்ன செய்வாய் என்று. பதிலைக் கீழே எழுதுங்கள்.